காசில் எழுத்தைக் காணோமா? அறிகுறியை வைத்துக் காரணம் காணும் வழிமுறை

கையில் வந்த ஐந்து ரூபாய்க் காசில் ஆண்டின் கடைசி இலக்கம் இல்லை. அல்லது சிங்கத்துக்குக் கீழே இருக்க வேண்டிய 'சத்யமேவ ஜயதே' வெறும் மேடாகத் தெரிகிறது. அல்லது ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டையே காணோம். பார்த்தவுடன் எல்லோரும் கேட்பது, இது எவ்வளவுக்குப் போகும் என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வைத்துவிட்டு, அந்த விவரம் எப்போது போனது என்று முதலில் கேளுங்கள். காசாகும் முன்பு வெறும் உலோக வில்லையாக இருந்தபோதா, அச்சு அழுத்திய நொடியிலா, நாணயச் சாலையை விட்டு வெளியே வந்த பிறகா? முதல் இரண்டு என்றால் அது பிழை நாணயம். மூன்றாவது என்றால் அடிபட்ட காசு, அவ்வளவுதான்.

காசு எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலோகச் சுருளிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். வில்லையின் விளிம்பை உருட்டிச் சற்று உயர்த்துகிறார்கள். பதப்படுத்திக் கழுவிய வில்லை, ஒரு வளையத்துக்குள் உட்கார்ந்தபடி இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே நசுக்கப்படுகிறது. பட்டறைக்காரர்கள் டை என்று சொல்வது இந்த அச்சைத்தான். அச்சில் குழியாக இருப்பது காசில் மேடாகும். அச்சின் குழி எவ்வளவு ஆழமோ, காசில் அந்த இடம் அவ்வளவு உயரம். இதை மனதில் நிறுத்திக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

ஏனென்றால் விவரத்தைத் தின்னும் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒவ்வொரு ருசி உண்டு. புழக்கத்தில் வரும் தேய்மானம், காசின் உயரமான இடங்களை முதலில் தின்னும். அச்சைத் தேய்த்து மெருகேற்றினால், காசில் தளத்தை ஒட்டித் தாழ்வாக இருக்கும் மெல்லிய விவரங்கள் முதலில் போகும். அச்சில் மசகும் தூசியும் அடைத்தால் குறுகிய குழிகள் முதலில் அடைபடும். அதாவது சின்ன எழுத்துகள், புள்ளிகள், ஆண்டு எண்கள். எனவே எது காணாமல் போயிற்று என்பதைவிட, எந்த உயரத்திலிருந்து போயிற்று என்று பார்ப்பதே துப்பறியும் வேலையில் பாதி.

கையில் இருக்க வேண்டியவை

நகைக்கடையில் பயன்படுத்தும் 10 மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி, 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, ஒரு காந்தம், சாய்வாக ஒளி விழும்படி வைக்கக்கூடிய மேசை விளக்கு. இவற்றோடு அதே மதிப்பில், அதே வடிவமைப்பில் நல்ல காசு ஒன்று. பலரும் தவிர்ப்பது இந்தக் கடைசிப் பொருளைத்தான். ஒப்பிட ஒன்று இல்லாமல் 'இது இல்லை, அது இல்லை' என்று சொல்வதில் பொருளில்லை. அந்த வடிவமைப்பில் அது எப்போதுமே இல்லாமல் இருந்திருக்கலாம்.

எடைகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2011இல் வந்த வரிசையில் 1 ரூபாய் 3.79 கிராம், 2 ரூபாய் 4.85, 5 ரூபாய் 6.00, 10 ரூபாய் 7.71. தானியக் கதிர் வடிவமைப்புடன் 2019இல் வந்த வரிசையில் 1 ரூபாய் 3.09 கிராம், 2 ரூபாய் 4.07, 5 ரூபாய் 6.74, 10 ரூபாய் 7.74, 20 ரூபாய் 8.54. சில நூறில் ஒரு பங்கு கிராம் கூடவோ குறையவோ இருப்பது வழக்கம். அதற்காகப் பதற வேண்டாம்.

தராசு சொல்வது இதுதான்: எடை சரியாக இருந்தால் உலோகம் எங்கும் போகவில்லை, அதன் மேல் உருவம் மட்டும் பதியவில்லை. எடை கணிசமாகக் குறைந்தால் உலோகமே போயிருக்கிறது. கண்ணை ஏமாற்றலாம், தராசை ஏமாற்றுவது கடினம்.

எழுத்து மங்கல், காசும் அழுக்கு

கோவில் உண்டியல் வழியாகவோ பூஜை அறை வழியாகவோ வந்த காசுகளில் எண்ணெயும் குங்குமமும் விபூதியும் சேர்ந்து எழுத்துகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களை நிரப்பிவிடும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போவதால் எழுத்தே இல்லாதது போலிருக்கும். வெதுவெதுப்பான நீரில் துளி சோப்புக் கரைசல் விட்டுச் சில மணி நேரம் ஊறவைத்து, தேய்க்காமல் அலசி, துணியில் ஒற்றி எடுங்கள். எழுத்து திரும்பி வந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி பொருந்தும். மஞ்சள் நிற ஐந்து ரூபாய்க் காசைப் புளியால் துலக்கினால், நாணயச் சாலையிலிருந்து வந்தபோது இருந்த மேற்பரப்பு போய்விடும். அதோடு, பிழையா அடிபட்டதா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியும் போய்விடும். பல் விளக்கும் பசை, சாம்பல், எலுமிச்சை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

ஒன்றிரண்டு எழுத்துகள் மட்டும் இல்லை. சுற்றிலும் பளபளப்பு அப்படியே

சாதாரணக் காசுகளில் மிக அதிகமாகக் காண்பது இதுதான். 'பாரத்' என்ற சொல்லில் ஓர் எழுத்து பாதி கரைந்திருக்கும், அல்லது 2013 என்பதில் 3 ஆவி போல் தெரியும். மற்ற எழுத்துகள் கூர்மையாக இருக்கும். மறுபக்கத்தில் ஒரு குறையும் இருக்காது.

காரணம் மசகு. அச்சு இயந்திரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான காசுகளை அடிக்கிறது. அதன் மசகு எண்ணெயும் வில்லைகளிலிருந்து உதிரும் உலோகத் தூளும் சேர்ந்து களிம்பாகி, அச்சின் குழிகளில் போய் இறுகுகின்றன. பணியாரச் சட்டியின் குழியில் பழைய மாவு காய்ந்து ஒட்டியிருந்தால் அடுத்த பணியாரத்தில் அந்த இடம் சப்பையாக வருமே, அதே கதைதான். குழி நிரம்பியிருப்பதால் உலோகம் உள்ளே ஏற முடியாது, எழுத்து பிறக்காது.

இதை உறுதி செய்ய, விளக்கைச் சாய்த்து, எழுத்து இருக்க வேண்டிய இடத்தைக் கண்ணாடியில் பாருங்கள். மசகு அடைத்த இடத்தில் தளம் கீறலின்றி, சுற்றுப்புறத்தோடு இயல்பாகக் கலந்திருக்கும். சில நேரம் லேசான சொரசொரப்பு தெரியும். எழுத்தின் தடம் மெல்ல மெல்ல மங்கி மறையும், கத்தியால் வெட்டியது போல நிற்காது. எடை சரியாக இருக்கும். யாராவது எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் இருக்கும், அந்த இடம் மட்டும் பள்ளமாக இருக்கும், அதன் பளபளப்பும் சுற்றியுள்ள தளத்தின் பளபளப்பும் ஒத்துப்போகாது.

இந்த வகையில் எனக்குப் பிடித்த ஒரு விநோதம் உண்டு. குழியில் இறுகிய களிம்பு எப்போதாவது எழுத்தின் வடிவத்தோடே கழன்று விழும். அது அடுத்த வில்லையின் மேல் கிடக்கும்போது அச்சு இறங்கினால், அந்த எழுத்து அந்தக் காசில் பள்ளமாகப் பதியும். இருக்க வேண்டிய இடத்தில் அல்ல, விழுந்த இடத்தில். ஒரு காசில் தொலைந்த எழுத்து இன்னொரு காசில் அகப்படுகிறது. மசகு அடைத்த காசுகள் ஏராளம், இப்படிப்பட்டது அரிது.

மசகு அடைத்த காசைச் சுத்தம் செய்தால் எழுத்து வெளியே வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அடைப்பு இருந்தது அச்சில். காசில் கழுவுவதற்கு எதுவுமில்லை.

ஆண்டுக்குக் கீழே குறியே இல்லை

'நாணயச் சாலைக் குறி விடுபட்ட அபூர்வக் காசு' என்று விற்கப்படுவனவற்றில் பெரும்பாலானவை கொல்கத்தாக் காசுகள். இந்தியாவில் காசு அடிக்கும் சாலைகள் நான்கு. மும்பைக் காசில் ஆண்டுக்குக் கீழே சாய்சதுரம் இருக்கும், ஹைதராபாத் காசில் நட்சத்திரம், நொய்டா காசில் சிறு வட்டப் புள்ளி. கொல்கத்தாக் காசில் எந்தக் குறியும் கிடையாது. குறி இல்லாமல் இருப்பதே அதன் அடையாளம்.

1990களின் இறுதியில் உள்நாட்டில் அடித்தது போதாமல் மெக்சிகோ, ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா, மாஸ்கோ ஆகிய இடங்களிலும் இந்தியக் காசுகளை அடித்து வாங்கினார்கள். அவற்றில் அந்தந்தச் சாலையின் எழுத்துக் குறி இருக்கும். புரியாத எழுத்து தெரிகிறதே என்று அதைப் பிழை என நினைத்துவிட வேண்டாம்.

உண்மையாகவே குறி விடுபட்டிருக்க வாய்ப்பே இல்லையா? உண்டு. நொய்டாவின் புள்ளி மிகச் சிறியது, மசகு அடைக்க அதைவிட வசதியான குழி கிடையாது. ஆனால் அதை நிரூபிக்க ஒரே வழி, அந்த ஆண்டில் அந்த மதிப்புக் காசைக் கொல்கத்தா அடித்ததா என்று நாணயப் பட்டியலில் பார்ப்பது. அடித்திருந்தால் உங்கள் வாதம் நிற்காது. அடிக்கவில்லை என்றால் மட்டுமே மேலே பேசலாம்.

இந்த வாதத்துக்கு முன்மாதிரி அமெரிக்காவின் 1922ஆம் ஆண்டு ஒரு சென்ட் காசு. அந்த ஆண்டில் சென்ட் அடித்த ஒரே சாலை டென்வர். அதனால் எல்லாக் காசிலும் டென்வரைக் குறிக்கும் 'டி' இருந்தாக வேண்டும். ஆனால் சிலவற்றில் அந்த எழுத்து இல்லை. அக்காலத்தில் ஃபிலடெல்ஃபியா சாலையும் கொல்கத்தாவைப் போலவே குறி இடாத சாலை. அது அந்த ஆண்டு சென்ட் அடித்திருந்தால் இந்தக் காசுகளை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அடிக்கவில்லை என்பதால்தான் தேய்ந்து, அடைபட்டு, மெருகேற்றப்பட்ட அச்சிலிருந்து வந்த அந்தச் சப்பைக் காசுகளுக்கு இன்றும் மதிப்பு.

பத்து ரூபாய்க் காசில் ரூபாய்க் குறி இல்லை

இது பிழையும் அல்ல, போலியும் அல்ல. ரூபாய்க்கான குறியை அரசு ஏற்றுக்கொண்டது 2010 ஜூலையில். காசுகளில் அது வந்தது 2011இலிருந்து. அதற்கு முந்தைய காசில் அது எப்படி இருக்கும்? பத்து ரூபாயின் மஞ்சள் வளையத்தில் இருக்கும் கதிர்க் கோடுகளும் அப்படித்தான். சிலவற்றில் 15, சிலவற்றில் 10. கோடு குறைந்தால் கள்ளக் காசு என்று யாரோ கிளப்பிய வதந்தியால் தமிழ்நாட்டில் கடைகளிலும் பஸ்களிலும் பத்து ரூபாய்க் காசை வாங்க மறுத்த கூத்து ஆண்டுக்கணக்கில் நடந்தது. பத்து ரூபாய்க் காசு 14 வடிவமைப்புகளில் வெளிவந்துள்ளது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை வெளியிட்ட பிறகும் பல ஊர்களில் அந்தப் பயம் போகவில்லை.

2007இலிருந்து சில ஆண்டுகள் வந்த நடன முத்திரைக் காசுகளுக்கும் இதே பதில். ஒரு ரூபாயில் கட்டை விரல் மட்டும், இரண்டு ரூபாயில் இரண்டு விரல்கள். கதிரையோ பூவையோ காணோம் என்று தேட வேண்டாம், அந்த வடிவமைப்பே அவ்வளவுதான்.

காசு முழுவதும் தட்டையாக இருக்கிறது

கொஞ்சம் பொறுமை தேவைப்படும் இடம் இது. ஒரே தோற்றத்துக்கு நான்கு காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது புழக்கத் தேய்மானம். சிங்கங்களின் நெஞ்சு, பிடரி, பெரிய எண்ணின் மேற்புறம் ஆகியவை வழவழப்பாகி, தளத்திலிருந்து வேறுபட்ட நிறத்தில் இருக்கும். எழுத்துகளின் விளிம்பு உருண்டிருக்கும். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் தேய்ந்திருக்கும். 1992 முதல் வந்த 1 ரூபாய், 2005 முதல் வந்த 2 ரூபாய் போன்ற துருப்பிடிக்காத எஃகுக் காசுகள் கடினமானவை, எளிதில் தேயாதவை. பழைய 11 பக்க இரண்டு ரூபாய் செம்பு-நிக்கல் கலவை. அது சீக்கிரம் வழவழப்பாகும். இரண்டையும் பிரித்தறியக் காந்தம் போதும். எஃகுக் காசு ஒட்டிக்கொள்ளும், செம்பு-நிக்கல் காசு ஒட்டாது. எஃகுக் காசு ஒன்று தட்டையாக இருந்தால், தேய்மானம் என்று முடிவு கட்டும் முன் அடுத்த மூன்றையும் பாருங்கள்.

இரண்டாவது அழுத்தக் குறைவு. அச்சுகள் போதிய விசையோடு நெருங்காவிட்டால் உலோகம் குழிகளின் அடிவரை ஏறாது. கடைசியாக நிரம்ப வேண்டிய உச்சி இடங்கள் நிரம்பாமல் நின்றுவிடும். தேய்மானத்திலும் போவது உச்சிதான் என்பதால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். வேறுபாட்டைக் கண்ணாடி காட்டும். தேய்ந்த உச்சி வழவழப்பானது. நிரம்பாத உச்சியிலோ, அச்சே தொடாததால், வில்லையாக இருந்தபோது விழுந்த சிறு கீறல்களும் சொரசொரப்பும் அப்படியே இருக்கும். காசின் விளிம்பும் முழுமையாக எழாமல் மொண்ணையாக இருக்கும். சிங்கம் மட்டும் தட்டையாகி மற்றவை நன்றாக இருந்தால், காசைத் திருப்பி அதே இடத்துக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இந்தியக் காசுகளில் இரு பக்கமும் மேல்புறம் மேலாகவே இருப்பதால் புத்தகப் பக்கம் போலத் திருப்பினால் போதும். சிங்கத்துக்குப் பின்னால் பெரிய எண். நடுவிலிருக்கும் அதே உலோகத்தை இரண்டு குழிகளும் தம் பக்கம் இழுத்தால் ஏதாவது ஒன்று பட்டினி கிடக்கும்.

மூன்றாவது களைத்த அச்சு. லட்சக்கணக்கில் அடித்த பிறகு அச்சின் குழி விளிம்புகளே தேய்ந்துபோகும். அதிலிருந்து வரும் எழுத்துகள் மெலியாமல் தடித்து, காசின் விளிம்பை நோக்கி இழுபட்டது போல் இருக்கும். தளத்தில் மையத்திலிருந்து வெளியே ஓடும் நுண்ணிய வரிகள் தெரியும். காசு புத்தம் புதிதாக மின்னும், ஆனால் விவரம் கஞ்சியாக இருக்கும். பிழை நாணயம் என்று இதற்குத் தனி விலை எதிர்பார்க்காதீர்கள்.

நான்காவது அமிலம். யாராவது காசை அமிலத்தில் போட்டிருந்தால் மேடு, பள்ளம் என்று பாராமல் எல்லா இடமும் சமமாகக் கரையும். காசு மெலிந்திருக்கும், மேற்பரப்பு மணல் பூசியது போல் இருக்கும், எடை வெகுவாகக் குறைந்திருக்கும். 'மெல்லிய வில்லையில் அடித்த பிழை' என்று இதை விற்பவர்கள் உண்டு. உண்மையிலேயே மெல்லிய வில்லையில் அடித்திருந்தால் மேற்பரப்பில் நாணயச் சாலைப் பளபளப்பு இருக்கும், அமிலம் தின்றதில் இருக்காது.

பெரிய உருவங்கள் சரி. மெல்லிய கோடுகள் மட்டும் மறைந்துவிட்டன

உச்சி கூர்மையாக இருக்கிறது, அடிவாரம் காணோம். இது தேய்மானத்தின் நேர் எதிர்த் தோற்றம். தேய்மானத்தால் இப்படி ஆகவே முடியாது. வில்லை ஒன்று வராமல் போய் இரண்டு அச்சுகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டால், ஒன்றின் உருவம் மற்றொன்றில் தழும்பாக விழும். அந்தத் தழும்பைப் போக்கத் தொழிலாளி அச்சின் முகத்தைத் தேய்த்து மெருகேற்றுவார். தேய்க்கத் தேய்க்க, ஆழமில்லாத குழிகள் அச்சிலிருந்தே மறைந்துவிடும்.

உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1937இல் டென்வரில் அடித்த அமெரிக்க ஐந்து சென்ட் காட்டெருமைக் காசு. அளவுக்கு மீறி மெருகேற்றிய அச்சால் எருமையின் முன்கால் ஒன்று போய், குளம்பு மட்டும் தரையில் மிஞ்சியது. மூன்று கால் எருமைக்கு விலை ஏறியதும், சாதாரணக் காசில் ஒரு காலைச் சுரண்டி எடுக்கும் தொழிலும் பிறந்தது. ஆனால் உண்மையான காசில் வயிற்றுக்குக் கீழே வரிசையாகச் சில புடைத்த புள்ளிகள் இருக்கும். பின்னங்காலும் அரித்தது போல் மெலிந்திருக்கும். புள்ளிகள் அச்சில் இருந்த சிறு குழிகளால் வந்தவை. சுரண்டுகிறவரால் உலோகத்தை எடுக்கத்தான் முடியும், புடைப்பை வரவழைக்க முடியாது.

நம் காசிலும் இந்தச் சோதனையே. சிங்கத்தின் உடல் கூர்மையாக இருந்து, பீடத்தின் நுண்கோடுகள் மட்டும் இல்லாமல், தளம் கண்ணாடி போல் வழுக்கினால் அச்சைச் சந்தேகிக்கலாம். அதே அச்சிலிருந்து வந்த மற்றக் காசுகளிலும் அச்சு அசலாக அதே குறை இருக்கும். ஒரே சாக்கிலிருந்து வந்த புதுக் காசுகளில் இன்னொன்று கிடைத்தால் ஐயமே இல்லை.

ஓரத்தில் ஒரு பகுதி இல்லை

முதலில் இது எந்த வகை என்று பிரியுங்கள்: உலோகம் இல்லையா, உலோகம் இருந்தும் உருவம் இல்லையா?

உலோகமே வளைவாக வெட்டுப்பட்டிருந்தால், வில்லை வெட்டும் கட்டத்தில் நடந்த தவறாக இருக்கலாம். உலோகச் சுருள் சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் கத்தி மறுபடி இறங்கினால் வில்லையில் ஒரு கடி விழும். சுருளின் ஓரத்தில் இறங்கினால் நேர்க்கோட்டு வெட்டு. இதைப் போலியிலிருந்து பிரிக்க ஓர் அழகான சோதனை உண்டு. கடிபட்ட இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். வில்லையின் விளிம்பை உருட்டி உயர்த்தும்போது, ஒரு பக்கம் வெட்டு இருப்பதால் எதிர்ப் பக்கத்தில் அழுத்தம் கிடைக்காமல் போகும். அதனால் அடித்த காசில் அந்த எதிர் விளிம்பு மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். வீட்டில் அரம் வைத்து ராவியவருக்கு எதிர் விளிம்பைப் பற்றிய நினைப்பே வராது. வெட்டின் அருகிலுள்ள எழுத்துகளையும் கவனியுங்கள். உண்மையான வெட்டில், உலோகம் வெற்றிடத்தை நோக்கி வழிந்து எழுத்துகள் சற்று நீண்டு மெலியும். பிறகு வெட்டியதில் எழுத்து நறுக்கென்று பாதியில் நிற்கும்.

உலோகம் இருக்கிறது, பிறை வடிவில் வெறுமை மட்டும் தெரிகிறது, காசும் வட்டமாக இல்லை என்றால், வில்லை வளையத்துக்குள் சரியாக உட்காராமல் தள்ளி அடிக்கப்பட்டிருக்கிறது. இரு பக்கமும் உருவம் தள்ளியிருக்கும், எடை முழுதாக இருக்கும். இதைப் போலியாகச் செய்வது அனேகமாக முடியாத காரியம். விலையும் அதனால்தான், ஆண்டு எண் தெளிவாகத் தெரிந்தால் மேலும் கூடும். காசு வட்டமாக இருந்து ஒரு பக்கத்தில் மட்டும் உருவம் நகர்ந்திருந்தால் ஓர் அச்சு மட்டும் இடம் மாறியிருக்கிறது. இது அடிக்கடி நடப்பது, பெரிதாகக் கொண்டாட வேண்டாம்.

இரு பக்கங்களிலும் ஒரே ஓரம் மங்கி, அங்கே காசு மெலிந்தும் இருந்தால், உலோகச் சுருளின் முனை சரியாக உருட்டப்படாமல் சரிவாக இருந்திருக்கிறது. எடை சற்றுக் குறையும்.

தோல் உரிந்தது போல் ஒரு திட்டு

உலோகத்தை உருக்கும்போது கலந்த காற்றோ கசடோ தகட்டுக்குள் அடுக்காகத் தங்கினால் பின்னர் அது செதிலாகப் பெயரும். பெயர்ந்த இடத்தில் ஒரே திசையில் ஓடும் நார் போன்ற வரிகள் இருக்கும். ஓரம் கிழிந்த காகிதம் போல் ஒழுங்கற்று இருக்கும். ஆணியால் நோண்டியதில் பள்ளத்தைச் சுற்றி உலோகம் மேடாகத் தள்ளப்பட்டிருக்கும். இந்த ஒரு வேறுபாடு போதும்.

ஒரு பக்கம் முழுவதும் வெறுமை

தராசை எடுங்கள். எடை குறைவு என்றால் அரைத்துத் தேய்த்த காசு, விளிம்பின் உயரமும் ஒரு பக்கம் போயிருக்கும். இப்படிச் சிதைத்த காசு செல்லுபடியாகும் தகுதியையும் இழக்கிறது; 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

எடை சரி, வெறுமைப் பக்கத்திலும் அழுத்தம் பட்ட தடயம் இருக்கிறது என்றால், இரண்டு வில்லைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வளையத்துக்குள் போய் ஒரே அடியில் நசுங்கியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம்தான் கிடைக்கும். வெறுமைக்குப் பதிலாக மறுபக்கத்தின் உருவமே இடவலம் மாறிப் பள்ளமாகத் தெரிந்தால், முன்பு அடித்த காசு வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அதுவே அச்சாக வேலை செய்திருக்கிறது. ஒட்டிய காசு நீங்காமல் அடி தொடர்ந்தால், பின்னால் வரும் காசுகளில் உருவம் விரிந்து, கலங்கி, ஒரு கட்டத்தில் நிழலாக மட்டும் தெரியும்.

ஆனால் பள்ள உருவம் எல்லாமே அப்படி வந்ததல்ல. இரண்டு காசுகளைச் சேர்த்து இடுக்கியில் நசுக்கினாலும் பள்ள உருவம் விழும். அப்போது மறுபக்கம் தட்டையாகிச் சிதைந்திருக்கும். நாணயச் சாலையில் நடந்ததில் மறுபக்கம் நேர்த்தியாக இருக்கும்.

பத்து, இருபது ரூபாயில் நடுவட்டம் சரியில்லை

நடுவட்டம் இல்லாத வளையம் மட்டும் கிடைத்தால், உள் ஓரத்தைப் பாருங்கள். எழுத்தும் கோடும் ஓட்டைக்குள் வழிந்திருந்தால் நடுவட்டம் இல்லாமலே அச்சு இறங்கியிருக்கிறது. உள் ஓரம் நேராக, உருவம் சட்டென்று நிற்பதாக இருந்தால் முழுக் காசாகப் பிறந்து, பின்னர் தட்டிக் கழற்றப்பட்டது. கழன்ற காசுகளே சந்தையில் அதிகம்.

ஆண்டே இல்லை, ஆனால் எதுவும் மங்கவில்லை

அச்சு, வில்லை, அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தும் விவரம் விடுபடுவதுண்டு. 2008இல் பிரிட்டனில் காசுகளின் வடிவமைப்பை மாற்றியபோது 20 பென்னியின் ஆண்டு எண் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. புதிய பின்பக்க அச்சோடு பழைய முன்பக்க அச்சைத் தவறுதலாகச் சேர்த்து அடித்ததில், இரண்டு பக்கத்திலும் ஆண்டு இல்லாத காசுகள் புழக்கத்துக்கு வந்தன. 2007இல் அமெரிக்காவில் வந்த ஜார்ஜ் வாஷிங்டன் டாலர் காசுகளில் ஆண்டும் 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகமும் பக்கவாட்டு ஓரத்தில் பொறிக்கப்பட வேண்டும். அதற்கு முகங்களை அடித்த பிறகு தனி இயந்திரம். அந்த இயந்திரத்துக்குப் போகாமலே ஒரு தொகுதி வெளியேறிவிட்டது. இத்தகைய காசில் குறை இருக்கும் இடம் மிகச் சுத்தமாக இருக்கும். அதே நேரம், பக்கவாட்டு ஓரத்தை ராவி எழுத்தை அழிப்பதும் எளிது என்பதால் விட்டத்தையும் எடையையும் அளக்காமல் நம்பக்கூடாது.

இனி விலை

மசகு அடைத்த எழுத்து, களைத்த அச்சு, லேசான அச்சு நகர்வு ஆகியவற்றுக்கு முக மதிப்பைவிடப் பெரிதாகக் கிடைக்காது. முழுச் சொல்லோ முழு ஆண்டோ காணாமல் போயிருந்தால் சேகரிப்பாளர் ஆர்வம் காட்டலாம். பெரிய வெட்டு, பாதிக்கு மேல் தள்ளி அடித்தது, எதிர்முகப் பள்ள உருவம் ஆகியவைதான் உண்மையில் விலை பேசப்படுபவை. அவற்றையும் நாணயக் கண்காட்சியில் நேரில் காட்டி, இரண்டு மூன்று வணிகர்களிடம் கேட்டு முடிவெடுங்கள்.

பழைய காசை லட்சக்கணக்கில் வாங்குகிறோம் என்று வரும் அழைப்புகளைப் பொருட்படுத்தாதீர்கள். தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் தரகும் வரியும் கேட்டுச் சிலர் ஏமாற்றுகிறார்கள், இத்தகைய வணிகத்தில் தான் ஈடுபடுவதே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வாங்க வருகிறவர் உங்களிடமே முன்பணம் கேட்டால் அது வியாபாரம் அல்ல.

பிழை என்று உறுதியான காசை விரலால் முகத்தைத் தொடாமல் ஓரத்தில் பிடித்து, அட்டைச் சட்டத்தில் வையுங்கள். மென்மையான பிளாஸ்டிக் உறை வேண்டாம். நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசில் ஒட்டும். அட்டையில் ஆண்டு, சாலைக் குறி, எடை, எந்தப் பக்கத்தில் என்ன குறை என்று பென்சிலால் எழுதிவிடுங்கள்.